செய்தி வராத கிழமைகளின் ஸ்தோத்திரம்

சாட்சி நேரத்தில் நான் குழப்பம் பண்ணினேன் என்று எங்கள் சபையில் இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். நான் குழப்பம் பண்ணவில்லை. எழுந்து நின்றேன், இரண்டு மூன்று வரி சொன்னேன், உட்கார்ந்தேன். திரும்பவும் அப்படி ஒரு காலம் வந்தால் திரும்பவும் அதைத்தான் செய்வேன். ஏன் செய்தேன் என்று இதுவரை யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. நாலு பேருக்கு முன்னால் கதைப்பது எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஆனால் கையில் கிடைத்ததை வாசிக்கும் பழக்கம் நிற்கவில்லை. வாயில் வராதது தாளிலாவது வரும் என்று நினைத்து எழுதுகிறேன்.

எங்கள் சபை லண்டனில் கோலியர்ஸ் வுட்டில் கூடுகிறது. கட்டடம் எங்களுடையது அல்ல. வெள்ளைக்காரர்கள் காலை ஆராதனையை முடித்துக்கொண்டு போன பிறகு, ஞாயிறு பிற்பகலில் அது எங்களுக்கு வாடகைக்குக் கிடைக்கும். ஆராதனை முடிந்ததும் பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. கறி மணம் அடுத்த நாளும் நிற்கிறது என்று அவர்கள் முறைப்பட்டதால், எந்தக் குளிரிலும் யன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு மேல்கோட்டோடு சாப்பிடுகிறவர்கள் நாங்கள்.

நான் டூட்டிங்கில் ஒரு தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிறேன். ஞாயிறும் மத்தியானம் வரை வேலை. தேசிக்காய் போட்டுத் தேய்த்தாலும் கையில் மணம் இருக்கும். அதனால் எனக்குக் கடைசி வரிசை. மணம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். முன்னால் இருந்தால் போதகர் திடீரென்று திரும்பி, "அண்ணை, ஒரு சின்ன ஜெபம் பண்ணுங்கோ" என்று சொல்லிவிடுவார். கடைசி வரிசைக்கு அந்தப் பயம் இல்லை. கதிரைகளை அடுக்குவேன், பெரிய சட்டிகளைத் தூக்குவேன், ஜெபத்தை மனதுக்குள் பண்ணுவேன்.

பாட்டுகளுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் சாட்சி நேரம் வரும். கர்த்தரிடம் நன்மை பெற்றவர்கள் எழுந்து அதைச் சபைக்குச் சொல்லவேண்டும். விசா கிடைத்தது, பிள்ளை பிறந்தது, டிரைவிங் டெஸ்ட் பாஸ் பண்ணியது, நெஞ்சில் இருந்த கட்டி ஆபத்தானது இல்லை என்று டாக்குத்தர் சொன்னது. சொல்லி முடிந்ததும் எல்லோரும் ஒரே குரலில் ஸ்தோத்திரம் சொல்வோம். சாட்சி சொன்ன குடும்பம் அன்றைக்குச் சபை முழுவதற்கும் சாப்பாடு கொடுக்கும். இது எங்கேயும் எழுதி வைத்த சட்டம் அல்ல. ஆனால் சாட்சி சொல்லிவிட்டுச் சாப்பாடு கொடுக்காத குடும்பத்தை நான் கண்டதில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் தொடக்கம் அது. என் அக்கா, அத்தான், அவர்களுடைய மகள் மூவரும் போர் நடந்துகொண்டிருந்த வன்னிக்குள் இருந்தார்கள். கிளிநொச்சிப் பக்கம் இருந்தவர்கள் கிழக்கே போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். பிறகு கேள்விப்படுவதும் நின்றுபோனது. கடையில் மீன் தட்டுகளுக்கு மேலே ஒரு தொலைக்காட்சி தொங்கியது. மீன் வாங்க வருகிறவர்கள் மீனைப் பார்ப்பதில்லை. அண்ணாந்து திரையைப் பார்த்துக்கொண்டு, காயப்பட்டுத் தூக்கிச் செல்லப்படுகிற ஆட்களுக்குள் தங்கள் ஆட்களைத் தேடுவார்கள். "எப்பிடி வெட்டுறது?" என்று நான் கேட்டால் பதில் வராது. நானே ஒரு அளவில் வெட்டிக் கொடுப்பேன்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிறில்தான் எங்கள் சபைச் செயலாளர் சாட்சி சொல்ல எழுந்தார். அவர் ஒரு கணக்குக் கந்தோரில் வேலை செய்கிறவர். நல்ல மனிதர். மழை நாட்களில் என் மனைவியைப் பலமுறை தன் காரில் கொண்டுவந்து வீட்டில் விட்டிருக்கிறார். அவருடைய தம்பி குடும்பம் வன்னியிலிருந்து எப்படியோ வெளியே வந்து கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் அழுதுகொண்டுதான் சொன்னார். எங்களுக்கும் கண் கலங்கியது. கடைசியாக இப்படிச் சொன்னார்:

"நாங்கள் குடும்பமா உபவாசம் இருந்து ஜெபிச்சனாங்கள். ஜெபிச்ச குடும்பத்தை ஆண்டவர் கைவிடேல்லை. ஜெபிக்கிற ஆக்களைப் பத்திரமா வெளியாலை கொண்டுவந்து விட்டிட்டார்."

சபை ஸ்தோத்திரம் சொன்னது. என் வாயும் பழக்கத்தில் திறந்தது. பாதியில் மூடிக்கொண்டேன்.

ஜெபிக்கிறவர்களை வெளியே கொண்டுவந்தார் என்றால், உள்ளே இருப்பவர்கள் யார்? என் அக்கா சோற்றுப் பானையை இறக்கும்போதும் ஜெபம் சொல்கிறவர். பங்கருக்குள் இருந்துகொண்டு அயலட்டைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பாடம் நடத்துகிறார் என்று கடைசியாக வந்த போனில் அத்தான் சிரித்துச் சிரித்துச் சொன்னார். அந்த மனுஷி ஜெபம் போதாமல்தான் உள்ளே கிடக்கிறாரா? லண்டனில் வெளிச்சமான மண்டபத்தில் இருந்துகொண்டு இதை ஸ்தோத்திரம் சொல்லி ஒத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அக்காவை விசுவாசக் குறைச்சல் உள்ளவர் என்று ஒருவரும், சபையும்கூட, எண்ணக் கூடாது. அவர் உயிரோடு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. முன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ரை அக்கா வன்னிக்கை இருக்கிறா. ஜெபிக்காமல் ஒரு நாளும் படுக்கிறவ இல்லை. இந்தக் கிழமையும் அவவைப் பற்றிச் செய்தி இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டேன். பழக்கத்தில் பாதிப் பேர் ஸ்தோத்திரம் சொன்னார்கள். மீதிப் பேர் சொல்வதா விடுவதா என்று தெரியாமல் முழுங்கிக்கொண்டார்கள். போதகர் தொண்டையைச் செருமிவிட்டு ஒரு பாட்டு அறிவித்தார்.

மண்டபத்தில் செயலாளர் என்னிடம் வந்தார். கோபமாக அல்ல, திருத்துகிற மாதிரி.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. நீங்கள் சொன்னது சாட்சி இல்லை, விண்ணப்பம். விண்ணப்பத்துக்குத்தானே கடைசியிலை நேரம் இருக்கு."

"எனக்குத் தெரியும்."

"நன்மை கிடைச்சாப் பிறகுதான் சாட்சி."

"கிடைச்சாப் பிறகு ஆரும் சொல்லுவினம் தம்பி."

சட்டி கழுவப் போய்விட்டேன்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் மனைவி ஆரம்பித்தார்.

"கலியாண வீட்டிலை ஒரு போட்டோவுக்கு நிக்கச் சொன்னாலும் ஒளிக்கிற மனுசன். இண்டைக்கு என்ன வந்தது உங்களுக்கு?"

"அவர் சொன்னதைக் கேட்டனீர்தானே."

"கேட்டனான். எனக்கும் வயிறு எரிஞ்சது. அடுத்த கிழமையும் எழும்புவியளோ?"

"செய்தி வராட்டி எழும்புவன்."

மேல்கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்து யோசித்தார். பிறகு கேட்டார்:

"அப்ப சாப்பாடு?"

நான் அதை நினைக்கவில்லை. அவர் நினைத்துவிட்டார். சாட்சி என்று எழுந்தால் சாப்பாடு கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்காவிட்டால், அது சாட்சி இல்லை என்று செயலாளர் சொன்னது சரியாகிவிடும். சரி, கொடுப்போம். ஆனால் என்ன கொடுப்பது?

"மரக்கறி சமைச்சால் செத்த வீட்டுச் சாப்பாடு எண்டு சொல்லுவினம். அக்காவுக்கு நாங்களே முப்பத்தோராம் நாள் காரியம் செய்த மாதிரிப் போயிடும்."

"அப்ப இறைச்சி."

"இறைச்சியோ? தபசு காலம் தொடங்குதெல்லே? தபசு காலத்திலை இறைச்சி குடுத்தால் பாஸ்டரின்ரை மனிசி எங்களைக் கண்ணெடுத்தும் பாராள்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு என் மனைவிக்குச் சிரிப்பு வந்தது.

"மீன் வெட்டுற மனுசனைக் கட்டிப்போட்டு நான் ஏன் யோசிக்கிறன்?"

மீன் மச்சம், மரக்கறி அல்ல. ஆகவே செத்த வீட்டுச் சாப்பாடு என்று ஒருவரும் சொல்ல முடியாது. இறைச்சி அல்ல. ஆகவே உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய நோன்பான தபசு காலத்துக்கும் பழுதில்லை. அடுத்த சனிக்கிழமை கடையில் நல்ல பாரை மீன் வந்திருந்தது. நானே துப்புரவாக்கிக் கொண்டுவந்தேன். மனைவி பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தார்.

அந்த ஞாயிறும் எழுந்தேன். அதே சொற்கள். இந்த முறை முன் கதிரையைப் பிடிக்கத் தேவைப்படவில்லை. ஸ்தோத்திரம் சொன்னவர்கள் முதல் கிழமையைவிடக் குறைவு.

மண்டபத்தில் மனைவி மூடியைத் திறந்து வைத்துவிட்டு அகப்பையோடு நின்றார். ஒருவரும் சாப்பாட்டுக் கோப்பை எடுக்கவில்லை. நான் சோற்றுப் பானையின் மறைவில் நின்றபடி அவர்கள் குசுகுசுப்பதைக் கேட்டேன்.

"இது இப்ப என்னத்துக்கான சாப்பாடு?"

"நன்றிச் சாப்பாடாம்."

"என்ன நன்றி? இன்னும் ஒண்டும் தெரியாதெல்லே?"

"எனக்கெண்டால் பயமாக் கிடக்கு. உயிரோடை இருக்கிற ஆளுக்கு ஏதும் வந்திட்டால்?"

"மீன் எண்டபடியால் பரவாயில்லையடி."

"மீனுக்கு என்ன தெரியும்?"

ஒரு பெரியவர் தொப்பியை எடுத்துக்கொண்டு சாப்பிடாமலே போனார். மனைவியின் முகம் சிவந்துவிட்டது. அகப்பையைக் கீழே வைக்கவில்லை. வைத்திருந்தால் நான் அன்றோடு எழுந்து நிற்பதை விட்டிருப்பேனோ தெரியாது.

அப்போது வரிசைக்கு வெளியிலிருந்து ஒரு அம்மா வந்து கோப்பையை நீட்டினார். கிங்ஸ்பரியில் இருக்கிறவர். இரண்டு ரயில் மாறி எங்கள் சபைக்கு வருவார். தனி ஆள். யாரோடும் அதிகம் கதைக்கமாட்டார். என்னைப்போலக் கடைசி வரிசை, மற்றப் பக்க மூலை.

"நல்லாப் போடு பிள்ளை. தலைத்துண்டும் போடு."

கதிரையை இழுத்துப் போட்டு எல்லோரும் பார்க்கும்படி இருந்து சாப்பிட்டார். முள்ளை எடுத்து எடுத்து ஓரத்தில் வைத்து, அவசரப்படாமல், விரலைச் சூப்பிச் சாப்பிட்டார். பிறகு இன்னொரு தரம் கேட்டு வாங்கினார். அதற்குப் பிறகு மற்றவர்களும் வந்தார்கள். பசிதானே.

சட்டி கழுவும் இடத்துக்கு அந்த அம்மா தன் கோப்பையைக் கொண்டுவந்தார்.

"தம்பி, என்ரை மகனும் உள்ளுக்கைதான்."

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. அவருக்கு ஒரு மகன் இருப்பதே சபையில் ஒருவருக்கும் தெரியாது.

"ஏன் அம்மா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னால் என்ன சொல்லுவினம்? அம்மா, இன்னும் உருக்கமா ஜெபியுங்கோ எண்டு சொல்லுவினம். நான் இனி எதாலை உருகிறது?"

அடுத்த ஞாயிறு நான் எழுந்து சொல்லிவிட்டு இருந்ததும் மற்ற மூலையில் கதிரை அசையும் சத்தம் கேட்டது. அந்த அம்மா எழுந்து தன் மகனைப் பற்றிச் சொன்னார். அதற்கடுத்த கிழமைகளில் இன்னும் சிலர். கணவனுக்காக ஒருத்தி. தாய் தகப்பனுக்காக, நல்ல வேலையில் இருக்கும் ஒரு பொடியன், பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக. எங்களுக்குள் எத்தனை பேர் இப்படி வாயை மூடிக்கொண்டு நன்மைக்கு மட்டும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. எழுந்தவர்கள் தங்களுக்குள் முறை வைத்துச் சமைத்தார்கள். தபசு காலம் முழுக்க எங்கள் சபை மீன்தான் சாப்பிட்டது.

செய்தி இல்லாததற்கு ஏன் ஸ்தோத்திரம் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. எல்லாம் நன்மைக்கே என்று நான் நினைத்ததால் அல்ல. அப்படி நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. குண்டு விழுவது நன்மை அல்ல. ஒரு தாய் ரயிலில் வாயை மூடிக்கொண்டு வருவது நன்மை அல்ல. ஆனால் ஸ்தோத்திரம் என்பதை வரவு கண்ட பிறகு கொடுக்கும் பற்றுச்சீட்டுப் போல வைத்துக்கொண்டால், வரவு இல்லாதவன் கோயிலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். நான் வெளியே நிற்கமாட்டேன். என் ஸ்தோத்திரம் ஆண்டவரின் சட்டையைப் பிடிக்கிற ஸ்தோத்திரம். நான் இன்னும் உம்முடைய ஆள்தான், அக்காவும் உம்முடைய ஆள்தான், இதை மறந்துவிட்டு நீர் வேறு வேலை பார்க்க முடியாது என்று அவருக்குக் கேட்கச் சொல்வது. சிலுவையில் தொங்கியவரே தன் பிதாவிடம் ஏன் என்று கேட்டார். அவரை விசுவாசக் குறைச்சல் என்று யாரும் சொல்வதில்லை.

போதகர் ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைவிட வயது குறைந்தவர், அமைதியான ஆள். பிளேன்ரீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நான் உங்களை எழும்ப வேண்டாமெண்டு சொல்ல வரேல்லை."

"சொன்னாலும் எழும்புவன் பாஸ்டர்."

"தெரியும். ஆனா ஒண்டு கேளுங்கோ. கிழக்கு லண்டன் பார்க்கிங்கிலையிருந்து வாற அந்தச் சின்னக் குடும்பத்துக்குப் பிள்ளை பிறந்திருக்கு. ஏழு வருசம் காத்திருந்து பிறந்த பிள்ளை. சாட்சி சொல்லுங்கோ எண்டன். அந்தத் தாய் மாட்டுதாம். இத்தனை பேர் அழுதுகொண்டு நிக்கேக்கை நான் எந்த முகத்தோடை சிரிக்கிறது எண்டு கேக்குது. சந்தோசத்துக்கும் சபையிலை இடம் வேணுமண்ணை."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் ஒரு வாயைத் திறக்கப்போய் இன்னொரு வாயை மூடியிருந்தேன்.

ஆனால் நான் உட்கார்ந்தால் அது திறக்கும் என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கிழமையே பிள்ளை பெற்ற அந்தத் தாயின் கணவன் கடைக்கு வந்து பால் சுறா கேட்டான். தாய்க்குப் பால் ஊற வேண்டும் என்று மாமியார் ஊரிலிருந்து சொல்லி அனுப்பினாராம். வெட்டிச் சுற்றிக் கொடுக்கும்போது, வாடிக்கையாளரோடு மீனைத் தவிர வேறு எதுவும் கதைக்காத நான் சொன்னேன்:

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கொண்டுவந்து சாட்சி சொல்லச் சொல்லுங்கோ மனிசியை."

"அவ உங்களுக்கு முன்னாலை சொல்ல ஏலாதெண்டு அழுறா அண்ணை."

"எனக்கு முன்னாலைதான் சொல்லவேணும். நான் கடைசி வரிசை. எனக்குக் கேக்கிற மாதிரிச் சத்தமாச் சொல்லச் சொல்லுங்கோ."

அந்த ஞாயிறு நான் எழுந்தேன், அந்த அம்மா எழுந்தார், அதற்குப் பிறகு அந்தப் பெண் பிள்ளையோடு எழுந்தாள். சொல்லத் தொடங்கும்போதே பிள்ளை வீரிட்டுக் கத்தியது. அவளுடைய சாட்சி ஒரு சொல்லும் கேட்கவில்லை. சபை சிரித்தது. கிங்ஸ்பரி அம்மா எழுந்து போய்ப் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஆராதனை முடியும்வரை கொடுக்கவில்லை.

உயிர்த்த ஞாயிறு வந்து போனது. வைகாசியில் போர் முடிந்தது என்று சொன்னார்கள். எங்களுக்கு ஒன்றும் முடியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வவுனியாவில் இருக்கும் மனைவியின் உறவுக்காரர். முகாமின் கம்பி வேலிக்கு வெளியே நின்று அக்காவைக் கண்டு கதைத்தாராம். அக்கா மெலிந்து கறுத்துப் போயிருக்கிறாராம். மகளும் கூட இருக்கிறாளாம். அத்தான் இல்லை. கடைசிக் கிழமையில், தண்ணீர் எடுக்கப் போன இடத்தில்.

போனைச் சட்டைப் பைக்குள் வைத்தேன். முன்னால் ஒரு பெண் காத்துக்கொண்டு நின்றார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அவருடைய மீனை வெட்டி முடித்தேன்.

"உங்கடை ஆக்கள் இருக்கினமோ?" என்று கேட்டார். முன்பின் தெரியாதவர்.

"ரெண்டு பேர் இருக்கினம்."

மூன்றாவது ஆளைப் பற்றி அவர் கேட்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் ஆட்களுக்கு அப்படிக் கேட்காமல் விடத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி சபை முழுக்கப் பரவிவிட்டது. என் மனைவி கொண்டுவந்த சட்டிகளைச் செயலாளர்தான் தன் காரிலிருந்து இறக்கினார். முகமெல்லாம் மலர்ச்சி. மூடியைத் திறந்து பார்த்தார்.

"என்னக்கா, மரக்கறியே? நான் இண்டைக்கு ஆட்டிறைச்சி எண்டெல்லே வந்தனான்!"

"அத்தான் செத்திருக்கிறார்," என்றார் என் மனைவி.

அவர் மூடியை மெதுவாகத் திரும்ப வைத்தார். ஆனால் உள்ளே போனதும், பாட்டுகள் முடிந்த பிறகு, மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "இண்டைக்கு எங்களுக்கு ஒரு வெற்றிச் சாட்சி இருக்கு. கர்த்தர் ஜெபத்தைக் கேட்டிட்டார். அண்ணையை முன்னுக்கு வரச் சொல்லிக் கேக்கிறன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் கை தட்டத் தொடங்கினார்கள். நான் மற்ற மூலையைப் பார்த்தேன். கிங்ஸ்பரி அம்மா மடியில் கைகளை வைத்துக்கொண்டு தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்று, வெற்றி என்று நான் ஒரு சொல் சொன்னால், அந்தச் சொல் போய் எங்கே விழும் என்று எனக்குத் தெரிந்தது. செயலாளரின் சாட்சி முன்பு எனக்குள் விழுந்த அதே இடத்தில்தான்.

நான் முன்னுக்குப் போகவில்லை. கடைசி வரிசையிலேயே எழுந்து நின்று சொன்னேன். மைக் இல்லாததால் சத்தமாகச் சொல்லவேண்டி இருந்தது.

"அக்காவும் மகளும் உயிரோடை இருக்கினம். அதுக்கு ஸ்தோத்திரம். அத்தான் இல்லை. அக்கா ஜெபிச்சதாலை தப்பினவ எண்டு ஒருத்தரும் சொல்லாதேங்கோ. அத்தானும் ஜெபிச்சவர்."

கை தட்டியவர்கள் நிறுத்திவிட்டார்கள். மைக்கில் செயலாளர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஸ்தோத்திரம் என்று முதலில் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. சத்தம் பெரிதாக இருக்கவில்லை. ஆனால் யாரும் இந்த முறை முழுங்கவில்லை.

அது அடங்கியதும் மூலையில் கதிரை அசைந்தது.

"என்ரை மகனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை," என்றார் கிங்ஸ்பரி அம்மா. "ஸ்தோத்திரம்."

மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு நான் சட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போதகர் ஒரு துணியை எடுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்று துடைக்கத் தொடங்கினார்.

"அண்ணை, உங்கடை கேள்விக்கு என்னட்டைப் பதில் இல்லை. நான் படிச்ச படிப்பிலை அது இல்லை."

"நான் பதில் கேக்கேல்லை பாஸ்டர். நேரம்தான் கேட்டனான்."

"உங்களுக்கு இனி என்ன நேரம்?"

"எனக்கில்லை. அந்த அம்மாவுக்கு. ஒவ்வொரு கிழமையும் சாட்சி நேரத்திலை அவவுக்கு இடம் விடவேணும். கடைசி விண்ணப்பத்துக்குத் தள்ளக் கூடாது."

"எவ்வளவு காலத்துக்கு?"

"செய்தி வருமட்டும்."

"வராட்டி?"

"வராட்டியும்."

அவர் சட்டியைத் திருப்பித் திருப்பித் துடைத்தார். பிறகு தலையை ஆட்டினார்.

அத்தானுக்காக அன்றைக்கு நான் அழவில்லை. அடுத்த நாள் கடையில், குளிர் அறைக்குள் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். ஆண்டவரோடு எனக்கு அந்தக் கணக்குத் தீரவில்லை. தீர்ந்ததுபோல நான் நடிக்கப்போவதும் இல்லை. கோபம் என்றால் சபையை விட்டுப் போகலாமே என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். ஏன் போகவேண்டும்? கோபித்துக்கொள்ள உரிமை உள்ள வீடு எனக்கு லண்டனில் அது ஒன்றுதான்.

அந்த வருட முடிவில் போதகர் வேறு ஊர்ச் சபைக்கு மாறிப்போனார். புதியவர் வந்தார். ஆராதனை நீள்கிறது, கட்டடத்தை நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஆகவே சாட்சிகளைச் சுருக்குவோம் என்று முதல் ஞாயிறே அறிவித்தார். உண்மையாக நன்மை பெற்றவர்கள் மட்டும் எழுந்தால் போதும் என்றார். மற்ற மூலையில் அந்த அம்மா எழுந்தார். புதிய போதகர் கையை மெதுவாக உயர்த்தி, "அம்மா, விண்ணப்பம் எண்டால் கடைசியிலை..." என்று தொடங்கினார்.

நான் எழும்ப வெளிக்கிட்டேன். எனக்கு முன்னால், முதல் வரிசையிலிருந்து செயலாளர் எழுந்துவிட்டார். தான் முன்பு சொன்ன எதற்கும் அவர் என்னிடம் வருத்தம் தெரிவித்ததில்லை. நானும் கேட்டதில்லை.

"பாஸ்டர், அவவுக்கு நேரம் விடவேணும்," என்றார். "அது இஞ்சத்தை வழக்கம்."

அந்த அம்மா சொல்லி முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை.